குற்றாலச் சீசன்: பத்து நாள் தங்கல் ஒரு வேளைக் குளியல் ஆன கதை



ஆனி பிறந்துவிட்டால் வெளியூர் வியாபாரிகள் என்னிடம் போனில் கேட்கும் முதல் கேள்வி ஒன்று உண்டு. "என்ன அண்ணாச்சி, குற்றாலத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டமாமே! தென்காசியில் மொத்தக்கடை வைத்திருக்கிற உங்களுக்கு இனி மூன்று மாதம் மழைதானே?" என்பார்கள். டெலிவிஷனில் பேரருவிக்கு முன்னால் நிற்கும் ஜனத்திரளைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். அவர்கள் மீது தவறில்லை. கூட்டம் இருந்தால் வியாபாரம் இருக்கும் என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். கூட்டம் வேறு, வியாபாரம் வேறு என்பதை எனக்குக் கற்பித்தது எங்கள் கடையின் பழைய பேரேடுகள். அவற்றை வைத்துக்கொண்டுதான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

குற்றாலத்தைப் பார்க்காதவர்களுக்காக இரண்டு வார்த்தை. ஊட்டி, கொடைக்கானல் போல இது உயரமான இடம் அல்ல. கடல் மட்டத்திலிருந்து 170 மீட்டர்கூட வராது. ஆனாலும் இங்கே குளிர்ச்சி எப்படி வருகிறது என்றால், மேற்குத் தொடர்ச்சி மலையில் செங்கோட்டைக்கும் ஆரியங்காவுக்கும் இடையில் ஒரு கணவாய் இருக்கிறது. ஜூன் மாதம் கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் அந்தக் கணவாய் வழியாக ஈரக்காற்று இந்தப் பக்கம் பாய்ந்து வரும். மழையும் இல்லாமல் வெயிலும் இல்லாமல் பன்னீர் தெளிப்பது போல ஒன்று விழும். அதற்குத்தான் சாரல் என்று பெயர். மலையில் பிறக்கும் சிற்றாறு செண்பகாதேவி அருவியாக இறங்கி, பேரருவியாகச் சுமார் 60 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து, பொங்குமாங்கடலில் தங்கி வேகம் தணிந்து, அதன் பிறகு நம் தலையில் விழுகிறது. அந்தப் பொங்குமாங்கடல் மட்டும் இல்லாவிட்டால் பேரருவியில் மனிதன் நின்று குளிக்க முடியாது. அங்கிருந்து ஊரைத் தொட்டு ஓடும் சிற்றாறு கடைசியில் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதம்தான் சீசன். தமிழ்நாட்டின் மற்றப் பகுதிகள் கத்தரி முடிந்தும் காய்ந்துகொண்டிருக்கும் சமயத்தில் இங்கே போர்வை தேவைப்படும்.

இந்த ஊரின் பெருமை பழையது. குற்றாலநாதர் கோவிலும், ஐந்து சபைகளில் ஒன்றான சித்திரசபையும் இங்கே இருக்கின்றன. எங்கள் தென்காசியை ஒட்டிய மேலகரத்துக்காரர் திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய குற்றாலக் குறவஞ்சிக்குப் பரிசாக மதுரை நாயக்க மன்னர் நிலம் கொடுத்தார். குறவஞ்சி மேடு என்று அந்த நிலத்துக்கே பெயர் வந்துவிட்டது. இதெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே படித்தது.

நம் தொழிலுக்குச் சம்பந்தப்பட்ட ஒரு செய்தி பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரவில்லை. நம் கடை அஞ்சறைப் பெட்டிச் சாமான்களான கிராம்பு, சாதிக்காய், பட்டை மூன்றுக்கும் குற்றாலத்தோடு உறவு உண்டு. அந்தக் காலத்தில் கிராம்பும் சாதிக்காயும் மொலுக்காஸ் தீவுகளிலிருந்து வரும். அந்த வியாபாரம் டச்சுக்காரர் கையில் இருந்தது. அதை உடைக்க நினைத்த கிழக்கிந்தியக் கம்பெனியார் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கன்றுகளைக் கொண்டுவந்து குற்றாலத்தில் தோட்டம் போட்டார்கள். சாதிக்காய் மரமும் மங்குஸ்தானும் இந்த மண்ணுக்குப் பழகிவிட்டன. இன்று சீசனில் ரோட்டோரம் மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன் என்று குவித்து விற்கிறார்களே, அந்தப் பழக்கடைகளின் வேர் அந்தத் தோட்டங்களில் இருக்கிறது. ஒரு போட்டி வியாபாரியின் ஏகபோகத்தை முறிக்க வைத்த மரம் என்று நினைத்துப் பார்த்தால் நம்மவர்களுக்குச் சிரிப்புதான் வரும்.

கம்பெனித் துரைமார்கள் தோட்டத்தோடு பங்களாவும் கட்டினார்கள். பாளையங்கோட்டையில் வெயில் தாங்காத அதிகாரிகள் குடும்பத்தோடு இங்கே வந்து மாதக்கணக்கில் தங்கினார்கள். திருவாங்கூர் மன்னருக்கும் இங்கே ஓர் அரண்மனை. 1956-இல் செங்கோட்டை நம் மாநிலத்தோடு சேர்ந்த பிறகும் அந்த அரண்மனை கேரள அரசின் வசமே இருக்கிறது. 1904-இல் திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை வழியாகக் கொல்லம் வரை ரயில் ஓடியது. 1927-இல் விருதுநகரிலிருந்து தென்காசிக்கு இன்னொரு பாதை வந்தது. அதன் பிறகுதான் சீசன் என்ற சொல் துரைமார்கள் வாயிலிருந்து நம்மவர் வாய்க்கு வந்தது என்று சொல்ல வேண்டும். ஜமீன்தார்கள், மில் முதலாளிகள், செட்டிநாட்டுத் தனவணிகர்கள் என்று வசதி உள்ளவர்கள் வீடு கட்டினார்கள். சமுதாயங்கள் சேர்ந்து சத்திரமும் மடமும் கட்டின. ரசிகமணி டி.கே.சி. தம் கடைசிக் காலத்தைக் குற்றாலத்திலேயே கழித்து 1954-இல் மறைந்தார். ராஜாஜியும் கல்கியும் அவர் வீட்டு விருந்தினர்கள். அவர் வீட்டில் விருந்து இல்லாத வேளை இல்லை என்று அந்தத் தலைமுறைக்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு அதைப் படிக்கும்போது இலக்கியத்தைவிட அந்தச் சமையலறைக்கு மாதம் எத்தனை மூட்டை அரிசி போயிருக்கும் என்றுதான் எண்ணம் ஓடும். தொழில் புத்தி!

இனி நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

1977-இல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு அப்பா என்னைக் கடையில் உட்கார வைத்துவிட்டார். விருதுநகரிலிருந்து வாரம் ஒரு லாரி சரக்கு வரும்: துவரம்பருப்பு, உளுந்து, மல்லி, வத்தல், எண்ணெய் டின். வைகாசி கடைசி வாரத்தில் மட்டும் அது மூன்று லாரியாகும். குற்றாலத்தில் அப்போது பெரியவர் ஒருவர் பலசரக்குக் கடை வைத்திருந்தார். சன்னதித் தெருவுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு பத்தி கொண்ட சிறிய கடை. சீசன் தொடங்குவதற்கு முன் வெள்ளைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் கடைக்கு வருவார். அப்பாவிடம், "முதலாளி, மலையிலே மூட்டம் போட்டிருக்கு" என்பார். அவ்வளவுதான் பேச்சு. இரண்டு மாட்டு வண்டியில் சரக்கு ஏறும். ரொக்கம் ஒரு பைசா கிடையாது. ஆவணி முடிவதற்குள் கணக்கைத் தீர்த்துவிட வேண்டும் என்பது எழுதாத சட்டம். எனக்குத் தெரிந்து இருபது வருடத்தில் அந்தக் கணக்கு ஒரு தடவைகூட புரட்டாசிக்குத் தள்ளிப் போனதில்லை.

எப்படி அது முடிந்தது? வந்தவர்கள் தங்கினார்கள், தங்கியவர்கள் சமைத்தார்கள். காரணம் அது ஒன்றுதான்.

மதுரை, விருதுநகர், சிவகாசி, தூத்துக்குடி என்று பல ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். ஒரு குடும்பம் என்றால் பத்துப் பன்னிரண்டு பேர். பாட்டி, அத்தை, மருமக்கள், கைக்குழந்தை, சமையலுக்கு ஓர் ஆள். சத்திரத்திலோ வாடகை வீட்டிலோ பத்து நாள், பதினைந்து நாள் இருப்பார்கள். வைத்தியத்துக்கென்று ஒரு மண்டலம் தங்குபவர்களும் உண்டு. வந்த அன்றைக்கே பெரியவர் கடைக்குச் சிட்டை வரும். அந்தச் சிட்டைகளில் சில எங்கள் பேரேட்டுக்குள் இன்றும் கிடக்கின்றன. அரிசி, துவரம்பருப்பு, உளுந்து, நல்லெண்ணெய், புளி, வத்தல், மல்லி, அப்பளம், காப்பிப்பொடி, உடன்குடிக் கருப்பட்டி. அடியில் தனியாக மிளகு, சுக்கு, திப்பிலி. அருவியில் நின்றுவிட்டு வந்தவனுக்கு மிளகு ரசமும் சுக்குக் காப்பியும் இல்லாமல் தீராது. கடைசியாகக் குளியல் சாமான்: சீயக்காய், பாசிப்பயறு மாவு, தேய்த்துக்கொள்ள மறுபடியும் நல்லெண்ணெய்.

அருவிக் குளியலுக்கும் பசிக்கும் உள்ள சம்பந்தத்தை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வீட்டில் ஒரு வேளைக்கு ஆழாக்கு அரிசிச் சோறு சாப்பிடுபவர் இங்கே இரண்டு மடங்கு சாப்பிடுவார். கொண்டுவந்த கணக்கு மூன்றாம் நாளே தீர்ந்து, சமையல்காரர் மறுபடியும் கடைக்கு ஓடி வருவார். இந்த மறு சிட்டையில்தான் சில்லறைக் கடைக்காரருக்கு லாபம். முதல் சிட்டைக்கு விலை கேட்டுப் பேரம் பேசுவார்கள். இரண்டாவதற்கு அவசரம், யாரும் விலை கேட்பதில்லை.

இந்த ஏற்பாடு எப்போது உடைந்தது என்று தேதி போட்டுச் சொல்ல முடியாது. பேரேட்டைப் புரட்டினால் 1980-களின் பின்பாதியில் அரிசிப் பற்று மெதுவாக இறங்குகிறது. 1990-களில் விறுவிறுவென்று இறங்குகிறது. கூட்டம் என்னவோ அதே காலத்தில் ஏறிக்கொண்டுதான் போனது! அப்பாவுக்கு இது விளங்கவில்லை. பெரியவர் வேறு கடையில் கொள்முதல் செய்கிறார் என்றே சந்தேகப்பட்டார். ஒருநாள் நானே சைக்கிளில் போய்ப் பெரியவர் கடையில் அரை நாள் உட்கார்ந்து பார்த்தேன். கடை வாசலில் தேர்க்கூட்டம் போல ஜனம். கடைக்குள் யாரும் ஏறவில்லை. ஏறியவர்களும் கேட்டது ஒரு ஷாம்பு பாக்கெட், ஒரு தீப்பெட்டி, ஒரு பிஸ்கட் பொட்டலம்.

"தம்பி, இவங்க எல்லாம் ராத்திரி வேன்ல வந்து காலையில குளிச்சிட்டு மத்தியானம் போறவங்க. இவங்களுக்கு நான் எதுக்கு?" என்றார் பெரியவர்.

அந்த ஒரு பேச்சில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ரயிலில் வந்தவன் பெட்டி படுக்கையோடு வந்தான். இறங்கினால் பத்து நாள் கழித்துத்தான் ஏறுவான். வேன் வந்த பிறகு ஆபீஸுக்கு ஒருநாள் லீவு போட்டாலே போதும். பள்ளிக்கூடம் திறப்பதும் ஜூன், சீசன் தொடங்குவதும் ஜூன். முன்பெல்லாம் பிள்ளை பத்து நாள் பள்ளிக்குப் போகாவிட்டால் பாட்டி, "போகட்டும், அருவித் தண்ணி பட்டால் உடம்புக்கு நல்லது" என்பாள். இப்போது பாட்டியே தனி வீட்டில் இருக்கிறாள். பிறகு லாட்ஜுகள் வந்தன. அவற்றில் அறைக்குள் அடுப்பு மூட்டக் கூடாது. அது நியாயமான விதிதான், நெருப்பு விஷயம். ஆனால் அந்த விதியோடு சேர்ந்து நம் துவரம்பருப்பும் அணைந்தது. பழைய வாடகை வீடுகளை இடித்துத்தான் பல லாட்ஜுகள் எழும்பின. இடித்தவர்களுக்கு நல்ல லாபம். நான் குறை சொல்லவில்லை.

நாங்களும் சும்மா இருக்கவில்லை. வியாபாரி என்றால் காற்றுக்குத் தக்கபடி பாயை விரிக்க வேண்டும். சமைப்பவன் போய்விட்டான், சாப்பிடுபவன் இருக்கிறான். அவன் எங்கே சாப்பிடுகிறான்? ஓட்டலில். அதிலும் என்ன சாப்பிடுகிறான்? பரோட்டா. செங்கோட்டைக்குப் பக்கத்தில் பிரானூர் பார்டர் என்று சொல்வோம். பழைய திருவாங்கூர் எல்லை. அங்கே பிறந்த பார்டர் பரோட்டாவும் கோழியும் குற்றாலம் முழுவதும் பரவின. எங்கள் கடையில் அரிசி, பருப்புக்குப் பதிலாக மைதா, பாமாயில், டால்டா, பிளாஸ்டிக் டம்ளர், பாக்கெட் சீயக்காய், ஷாம்பு சரம் என்று சரக்கு மாறியது. நேந்திரங்காய் சிப்ஸ் போடுபவர்களுக்கு எண்ணெய் டின் டின்னாகப் போனது. பதினைந்து, இருபது வருடம் இதுவும் நன்றாகவே ஓடியது. மொத்தத் தொகை பழைய காலத்தைவிடக் கூடுதல் என்றுகூடச் சொல்வேன். ஆனால் அதில் ஒரு பலவீனம் இருந்தது. அது எனக்கு அப்போது தெரியவில்லை.

பத்து நாள் தங்குபவனுக்கு அருவியில் மூன்று நாள் தண்ணீர் இல்லாவிட்டாலும் நான்காம் நாள் உண்டு. வெள்ளம் வந்து போலீஸ்காரர் கயிறு கட்டிவிட்டால் வீட்டில் உட்கார்ந்து சீட்டாடுவான். அன்றைக்கும் உலை கொதிக்கும். ஒரு வேளை குளிக்க வருபவனுக்கு அந்த ஒரு வேளைதான். இன்று குளிக்கத் தடை என்று காலையில் டெலிவிஷனில் வந்தால் வேன் மதுரையைத் தாண்டாது. அன்றைக்குப் பிசைந்த மாவை என்ன செய்வது?

அதன் பிறகு ஒன்றன் மேல் ஒன்றாக வந்தது. அருவி நீர் மாசுபடுகிறது என்று எண்ணெய், சோப்பு, ஷாம்புக்கு உயர்நீதிமன்றம் தடை விதித்தது. ஊருக்கு நல்ல உத்தரவு. கீழே ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கும் கிராமத்துக்காரன் அதை வாழ்த்துவான். எங்களுக்கு ஷாம்பு சரமும் சீயக்காயும் நின்றன. அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிட்டுப் பிழைத்தவர்கள் பாடு அதைவிட மோசம். 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் டம்ளர், பை எல்லாம் மாநிலம் முழுவதும் தடை; அது எல்லா ஊருக்கும் பொது. 2020, 2021 இரண்டு சீசனும் கொரோனாவில் போயின. அந்த ஜூன் மாதங்களில் அருவி கொட்டிக்கொண்டிருந்தது. பார்க்க ஆள் இல்லை. நான் ஒருநாள் மளிகை லோடு விட்டுவிட்டு வரும் வழியில் பேரருவிப் பக்கம் போனேன். கடைவீதி முழுதும் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்தது. குரங்குகள் மட்டும் பழக்கடைப் பலகை மேல் உட்கார்ந்து எங்களைப் போலவே ஆள் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தன.

2022-இல் ஜனம் அணை உடைந்தது போல வந்தது. இரண்டு வருட ஆசை. அந்தச் சீசனை நம்பித்தான் நான் தவறு செய்தேன். 2023-க்கு வைகாசியிலேயே மைதாவும் பாமாயிலும் வழக்கத்தைவிட அதிகமாக இறக்கி, சீசன் கடைக்காரர்களுக்கு ஆவணி வரை கடன் கொடுத்தேன். அந்த வருடம் ஆகஸ்ட் மாதம் நாடு முழுவதும் மழை பொய்த்தது. 1901 முதல் வைத்திருக்கும் கணக்கிலேயே அவ்வளவு வறண்ட ஆகஸ்ட் கிடையாது என்று வானிலைத் துறையே சொன்னது. அருவி நூலாகத் தொங்கியது. வெளிமாவட்டத்திலிருந்து வந்து தற்காலிகக் கடை ஏலம் எடுத்திருந்த ஒருவர் என் கணக்கைத் தீர்க்காமலே ஓர் இரவில் பாத்திரங்களை வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். முதலில் கோபம்தான் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். ஏலத் தொகையை முன்கூட்டியே கட்டியிருக்கிறார். அருவியில் தண்ணீர் விழவில்லை என்பதற்காக அந்தப் பணம் திரும்பாது. கூலியாளுக்குச் சம்பளம் கொடுத்திருக்கிறார். கடைசியாக மிச்சம் இருந்தது என் கடன் ஒன்றுதான். போன் எண்ணும் மாறிவிட்டது. அந்தத் தொகையை வாராக்கடனில் எழுதினேன். மீந்த மைதாவில் வண்டு விழுந்து, பாதி விலைக்குத் தள்ளினேன். என் மகன் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

2024 மே 17. இந்தத் தேதியை எங்கள் பகுதி வியாபாரிகள் மறக்க மாட்டோம். சீசன் தொடங்கவில்லை, கோடை மழை மட்டும் மலையில் பெய்துகொண்டிருந்தது. பழைய குற்றாலத்தில் ஜனங்கள் குளித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று வெள்ளம் பாய்ந்து வந்தது. பெரும்பாலானவர்கள் ஓடித் தப்பினார்கள். பதினேழு வயதுப் பையன் ஒருவனை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. உடனே அருவிகளில் குளிக்கத் தடை வந்தது. கோடை விடுமுறை முடியும் நேரம். கடைக்காரர்கள் சிலர் கூடி, தடையைச் சீக்கிரம் நீக்க வேண்டும் என்று மனு எழுதினார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன். இரவு சாப்பிடும்போது வீட்டில் சொன்னேன். என் மனைவி குழம்பு ஊற்றிக்கொண்டே, "அந்தப் பையனைப் பெத்தவ இந்த மனுவைப் படிச்சா என்ன நெனைப்பா?" என்று கேட்டாள்.

என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை. கடை வாடகையும் ஏலத் தொகையும் கட்டியவன் வயிறும் வயிறுதான். ஆனால் மேலே மலையில் மழை கொட்டுவது கீழே குளிப்பவனுக்குத் தெரியாது. அதை முன்கூட்டிச் சொல்லும் ஏற்பாடு ஒவ்வோர் அருவிக்கும் பலமாக இருக்க வேண்டும் என்று நாம் மனு எழுதியிருந்தால் அதில் நம் பிழைப்பும் அடங்கியிருக்கும். ஆபத்து உள்ள அரை மணி நேரத்துக்குத் தடை போட்டால் போதும் என்ற நிலை வந்தால், நாள் முழுக்கத் தடை போட வேண்டியதில்லை அல்லவா? அடுத்த முறை மனு எழுதுபவர்கள் இதை முதல் வரியாக எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

சரி, எல்லாம் போயிற்றா என்றால், இல்லை. எதிர்பாராத இடத்தில் பழைய வியாபாரம் கொஞ்சம் உயிரோடு இருக்கிறது. கார்த்திகை முதல் தை வரை சபரிமலைக்குப் போகும் ஐயப்ப பக்தர்கள் குற்றாலத்தில் குளித்துவிட்டுப் போகிறார்கள். ஆந்திரா, கர்நாடகாவிலிருந்தெல்லாம் வருகிறார்கள். அவர்களில் பல குழுவினர் ஓட்டலில் சாப்பிடுவதில்லை. வேனிலேயே அடுப்பும் அண்டாவும் இருக்கும். ரோட்டோரம் நிறுத்திப் பொங்குவார்கள். அரிசி, பருப்பு, ரவை, அப்பளம், நெய் என்று அவர்கள் வாங்கும் சாமானைப் பார்த்தால் 1977-இன் சிட்டையைப் பார்ப்பது போல இருக்கிறது. எங்கள் கடையின் மார்கழி விற்பனை இப்போது ஆடி விற்பனையைத் தாண்டிவிட்டது. ஆடியில் சீசன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். சரக்கு நகர்வது மார்கழியில்.

இன்னொன்றும் நடக்கிறது. சுற்றுவட்டாரத் தோப்புகளில் சமையலறையோடு கூடிய வீடுகளைக் கட்டிக் குடும்பங்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். அவற்றில் சில இடங்களில் இயற்கை ஓடையைத் திருப்பிச் செயற்கை அருவி வைத்து, 2022-இல் அது நீதிமன்றம் வரை போனது. அந்தத் தப்பை நான் ஆதரிக்கவில்லை. ஆற்றுத் தண்ணீர் ஆற்றில்தான் ஓட வேண்டும். ஆனால் ஒழுங்காக நடத்துபவர்களிடம் நான் நேரில் போய்ப் பேசியிருக்கிறேன். மூன்று நாள் தங்கும் குடும்பத்துக்கு வேண்டிய சாமானை ஒரே பையில் கட்டித் தருவதாகச் சொன்னேன். அரிசி, பருப்பு, எண்ணெய், மசாலா, காப்பிப்பொடி, கூடவே சுக்கும் மிளகும். நாலு பேர் ஒத்துக்கொண்டார்கள். பெரிய வியாபாரம் இல்லை. ஆனால் வெள்ளம் வந்து தடை போட்ட நாளிலும் அந்தப் பை நிற்கவில்லை. அதை என் மகன்தான் முதலில் கவனித்துச் சொன்னான்.

சீசன் கடைக்காரர்களுக்கு இப்போது ஒரு வாரச் சரக்குக்கு மேல் நான் கடன் கொடுப்பதில்லை. போன வாரக் கணக்கைத் தீர்த்தால் அடுத்த வாரச் சரக்கு. இதனால் சிலர் என்னோடு மனஸ்தாபப்பட்டு வேறு கடைக்குப் போனார்கள். போகட்டும். வாராக்கடனைவிட வராத வாடிக்கையாளர் மேல்.

பெரியவர் காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. அதே ஒற்றைப் பத்திக் கடையில் அவர் மகன் துண்டு, அரைக்கால் சட்டை, சிப்ஸ் விற்கிறார். பலசரக்கு என்று ஓர் ஓரத்தில் நாலு டப்பா இருக்கும். கடையின் பழைய போர்டை மட்டும் அவர் மாற்றவில்லை. எங்களிடம் அவருக்குப் பற்று என்று இப்போது பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆனால் வைகாசி முடியும்போது வருடம் தவறாமல் ஒரு போன் வரும். இந்த வருடமும் வந்தது.

"அண்ணாச்சி, மலையிலே மூட்டம் போட்டிருக்கு. சிப்ஸுக்கு எண்ணெய் ரெண்டு டின் அனுப்புங்க. அப்புறம்... சுக்கு ஒரு கிலோ போடுங்க, எதுக்கும் இருக்கட்டும்."

எண்ணெயும் சுக்கும் அன்று மாலை வேனிலேயே போய்விட்டன.